விளக்கை மட்டும் பார்

அத்தியாயம் பதினான்கு

சூரோங் மாமனாருக்குச் சாப்பாடு கட்டினாள். சோற்றின் மேல் பொரித்த பால்மீன் துண்டு, சோயாவில் வெந்த முட்டை, ஓரத்தில் முள்ளங்கி ஊறுகாய். தினமும் கட்டுகிற அதே டப்பாதான். ஆனால் அதைக் கட்டுகிறவள் இன்று ஒரு பொய்யோடு நின்றுகொண்டிருந்தாள்.

மாமனார் லாய் கூன்ஷான் டப்பாவை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

இரு சக்கர வண்டி ஓட்ட வருகிறவர்களின் கையையும் காலையும் சோதித்துப் பார்த்து உரிமம் கொடுக்கிற வேலை அவருக்கு. தலைமுடி கறுப்பாக இருந்த நாளிலிருந்து அதே மைதானம், அதே கண்ணாடி அறை. ஊரில் அவருக்குப் பெயர் 'ஏழு வினாடி லாய்'. ஆனால் இன்று அவருக்கு எழுத்துத் தேர்வு அறையில்தான் வேலை. மைதானத்தில் வூ என்கிற இன்னொருவர் இருப்பார். அதை விசாரித்துத்தான் சூரோங் இந்த நாளைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

"நீ எங்கே கிளம்பிட்டே?" சாமி மேடையைத் துடைத்துக்கொண்டிருந்த மாமியார் பீயுன் திரும்பாமலே கேட்டாள்.

"சிப்பிக் கொட்டகைக்குத்தான் அத்தை. இன்னைக்கு நிறைய மூட்டை வருதாம்."

"சாயந்திரம் சீக்கிரம் வந்துடு. மழை மாதிரி இருக்கு."

மேடையில், முன்னோர் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில், அவள் கணவன் ஜியேவென்னின் படம் இருந்தது. சூரோங் அதைப் பார்க்காமல் செருப்பைப் போட்டாள்.

செத்தவர்கள் வீடு திரும்பிவருவதாகச் சொல்கிற பேய் மாதத்தில், போன வருடம் போனவன் அவன். வரும் பேய் மாதத்தோடு ஒரு வருடம்.

போனது எப்படி என்று ஊருக்கே தெரியும். நாற்சந்தியில் ஸ்கூட்டர்காரர்கள் நேராக இடது பக்கம் திரும்பக்கூடாது. சாலையைத் தாண்டி எதிர் மூலைக்குப் போய், தரையில் வெள்ளைப் பெயின்ட்டால் போட்டிருக்கும் பெட்டிக்குள் நின்று, அந்தப் பக்கத்து விளக்குப் பச்சையானதும்தான் போகவேண்டும். அவசரக்காரர்கள் யாரும் நிற்பதில்லை. ஜியேவென் நின்றான். லாய் கூன்ஷானின் மகன் அல்லவா? அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு ஜல்லி லாரி நின்றது. அதன் ஓட்டுநருக்குத் தன் மூக்குக்குக் கீழே இருந்த பெட்டி தெரியவில்லை; லாரி அப்படியே அவன்மேல் நகர்ந்தது.

அன்றிலிருந்து பீயுன் தன் ஸ்கூட்டரைக் கொல்லையில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டாள். சாவி சாமி மேடை இழுப்பறையில்.

சூரோங் இரண்டு மாதமாகக் கெஞ்சினாள். முதியோர் பராமரிப்பு நிலையத்தில் அவளுக்கு ஒரு வேலை தயாராக இருந்தது. வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாய் இருப்பவர்களைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டிவிட்டு வரும் வேலை. வண்டி ஓட்டத் தெரிந்திருக்கவேண்டும். திங்கட்கிழமைக்குள் உரிமம் காட்டாவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு. அதுவும் இல்லையென்றால் தைச்சுங் நகரத்தில் அண்ணன் வேலை பார்க்கிற திருகாணி ஆலைக்கே போய்விடவேண்டியதுதான். பிள்ளையும் இல்லை, புருஷனும் இல்லை, சிப்பி உடைத்துக்கொண்டு அந்த வீட்டில் ஏன் கிடக்கிறாய் என்று அண்ணன் வாரம் தவறாமல் கேட்கிறான்.

அவள் போய்விடக்கூடாது என்று பீயுனுக்கும் ஆசைதான். ஆனால் வண்டி என்றதும் முகம் மாறிவிடும்.

"அவனையே கேக்கலாம்" என்று போன வாரம், குறி கேட்கப் போடும் பிறைக் கட்டைகளை எடுத்தாள். ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தால் சம்மதம். மூன்று முறை போட்டாள். மூன்று முறையும் இரண்டும் கவிழ்ந்தே விழுந்தன.

"பாத்தியா? அவனே வேண்டாங்கிறான்."

செத்தவன் வேண்டாம் என்றபிறகு உயிரோடிருப்பவள் என்ன வாதாட முடியும்? சூரோங் வாதாடவில்லை. தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டாள்.

*

மைதானத்துக்கு எதிரே பாக்குக் கடை வைத்திருந்த மெய்ச்சுதான் அவளுக்கு வண்டி கொடுத்தது. காய்ந்துபோன உப்பளத்தில் ஓட்டச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.

"வந்துட்டியா? உங்க அத்தைகிட்ட என்ன சொன்னே?"

"சிப்பி உடைக்கப் போறேன்னு."

"நல்ல பொய்தான் போ. சாயந்திரம் கைய மோந்து பாத்தா தெரிஞ்சிடும்." மெய்ச்சு பாக்கை வெற்றிலையில் சுருட்டியபடி சாவியைத் தள்ளினாள். "ஒழுங்கா ஓட்டு. அறுபத்தெட்டா திரும்பி வந்தே, கடைப் பக்கம் சேக்க மாட்டேன்."

அந்த ஊரில் அறுபத்தெட்டு என்பது ஒரு வசவு. எந்தத் தப்புச் செய்தாலும் முப்பத்திரண்டு மதிப்பெண் போய்விடும். மிச்சம் அறுபத்தெட்டு. தேற எழுபது வேண்டும். ஒரே ஒரு தப்பில் தோற்றவனைக் கடைத்தெருவில் ஒரு வாரம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

வரிசையில் சூரோங்குக்கு முன்னால் தலைமுடியை மஞ்சளாக்கிய ஓர் இளைஞனும், பின்னால் கண்ணாடி போட்ட ஒரு கல்லூரிப் பெண்ணும் நின்றார்கள். கண்ணாடி அறைக்குள் யாரோ வந்து உட்கார்ந்ததும் மஞ்சள் முடிக்காரன் தொடையில் தட்டிக்கொண்டான்.

"அட! வூவுக்கு வயித்தால போகுதாம். ஏழு வினாடி லாய் வந்துட்டாரு. நமக்கு அதிர்ஷ்டம்தான்!"

சூரோங் எட்டிப் பார்த்தாள். அறையில் மாமனார்தான். மேசை மேல் அவள் கட்டிக்கொடுத்த டப்பா.

"அவரு ரொம்பக் கறாருன்னு சொல்வாங்களே?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"முதல் தடவையா அக்கா? நேர்க்கோட்டுல மட்டும் பாத்து ஓட்டுங்க. அங்க அவரு எமன். ஆனா பெட்டிகிட்ட போனா நிக்கவே வேணாம். சர்ருனு திரும்பிடுங்க. அவரு பாக்க மாட்டாரு."

"பாக்க மாட்டாரா?"

"தலையக் குனிஞ்சுக்குவாரு. ஒரு வருஷமா அப்படித்தான். அவரு பையன் பெட்டியிலதானே செத்தான்? எங்க மச்சான், சித்தப்பா பையன் எல்லாம் இவரு நாளா பாத்து வந்து வாங்கிட்டாங்க."

"வெக்கமா இல்ல?" என்றாள் கல்லூரிப் பெண். "ஒருத்தர் வீட்டு எழவு உங்களுக்கு அதிர்ஷ்டமா?"

"ஏன், நானா லாரி ஓட்டினேன்?"

சூரோங் ஹெல்மெட்டின் வாரை இறுக்கினாள். கழுத்து வலிக்கும்வரை இறுக்கினாள். இத்தனை மாதம் ஒரே மேசையில் சாப்பிட்டும் இது அவளுக்குத் தெரியாது. பாக்குக் கடையில் உட்கார்ந்திருக்கிற விடலைகளுக்குத் தெரிந்திருக்கிறது.

திரும்பிப் போய்விடலாமா? சொந்தக்காரரைச் சோதிக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. அவரே திருப்பி அனுப்பிவிடுவார்.

மஞ்சள் முடிக்காரன் பெட்டியில் நிற்காமலே திரும்பித் தேறிவிட்டான். ஒலிபெருக்கி கரகரத்தது. மாமனாரின் குரல் அவளுடைய எண்ணைச் சொன்னது. பெயரைச் சொல்லவில்லை. பிறகு, "வாங்க" என்றது.

மகனுடைய மனைவியை அவர் ஒருநாளும் 'வாங்க' என்றதில்லை.

*

நேர்க்கோடு என்பது ஒரு முழ அகலம்கூட இல்லாத பாதை. இரண்டு பக்கமும் கோடு. சக்கரம் கோட்டைத் தொட்டால் மணி அடிக்கும். கால் ஊன்றினால் மணி அடிக்கும். ஏழு வினாடிக்கு முன்னால் கடந்துவிட்டாலும் மணி அடிக்கும். வேகமாகப் போவது யாருக்கும் வரும். விழாமல் மெதுவாகப் போவதுதான் வித்தை.

"வேகமாப் போக வண்டிக்கே தெரியும். மெதுவாப் போறதுக்குத்தான் ஆளு வேணும்" என்று மாமனார் முன்பெல்லாம் சோறு தின்னும்போது சொல்வார். ஜியேவென் அவள் பக்கம் பார்த்துக் கண்ணடிப்பான்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிரேக்கை லேசாக அழுத்தி, ஆக்ஸிலரேட்டரை மயிரிழை திருகி, தூரத்தில் ஒரு மின்கம்பத்தைப் பார்த்தபடி ஊர்ந்தாள். மணி அடிக்கவில்லை.

அடுத்து நாற்சந்தி. பொய் நாற்சந்திதான், லாரியும் இல்லை, பேருந்தும் இல்லை. விளக்கு மட்டும் நிஜம். அவள் நேரே கடந்து வெள்ளைப் பெட்டியை நோக்கிப் போனாள்.

நிற்காமல் திரும்பிவிடலாம். அவர் பார்க்கமாட்டார். திங்கட்கிழமை வேலை.

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருந்தது. லாய் கூன்ஷான் தன் கையாலேயே எழுதி நட்ட பலகை. 'விளக்கை மட்டும் பார்.' பெட்டிக்குள் நின்று அக்கம்பக்கம் பார்த்தவர்களை அவர் அந்தக் காலத்தில் தேறவிட்டதே இல்லை. தலை திரும்பினால் கை திரும்பும், கை திரும்பினால் வண்டி திரும்பும் என்பார். அந்த விதி எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அவருடையது.

ஜியேவென்னுக்குப் பதினெட்டு வயதில் இதே மைதானத்தில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்.

சூரோங் பெட்டிக்குள் வண்டியை நிறுத்தினாள். இரண்டு காலையும் ஊன்றினாள். விளக்கு சிவப்பாக இருந்தது.

பின்கழுத்து கூசியது. அங்கே ஏதோ பெரிதாக நிற்பதுபோல இருந்தது. வெறும் மைதானம்தான் என்று அறிவுக்குத் தெரிந்தும் உடம்பு கேட்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள்.

மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

கண்ணாடி அறையை விட்டு எப்போது இறங்கினார், எப்போது நடந்து வந்தார், தெரியவில்லை. அவளுக்கு நேர் பின்னால், அன்று ஜியேவென்னுக்குப் பின்னால் லாரி நின்றதுபோல, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். அவர் முகத்தை அவள் சாவு வீட்டில்கூட இப்படிப் பார்த்ததில்லை.

"மாமா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கு பச்சையானது. அவளால் தலையை முன்னால் திருப்ப முடியவில்லை. பச்சை எரிந்து, மஞ்சளாகி, மறுபடி சிவந்தது. மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி மணி அடித்தது.

"அறுபத்தெட்டு" என்றார் அவர். ஒலிபெருக்கி இல்லாமல், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே அறைக்கு நடந்தார். அவர் இன்னும் படி ஏறவில்லை. அதற்குள் அடுத்த பெண் நேர்க்கோட்டைக் கடந்து, நாற்சந்தியைத் தாண்டி, பெட்டிக்குள் நிற்காமலே திரும்பிவிட்டாள். கண்ணாடி போட்ட அந்தக் கல்லூரிப் பெண்தான்.

அவர் அறைக்குள் போனதும் ஒலிபெருக்கி சொன்னது: "தேர்ச்சி."

சூரோங் வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு அறை ஜன்னலுக்குப் போனாள். தன் வாழ்நாளில் அவள் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. இப்போதும் உயரவில்லை.

"மாமா. அந்தப் பொண்ணு நிக்கவே இல்ல."

"தெரியும்."

"முன்னாடி போனவனும் நிக்கல."

"தெரியும்."

"நின்னவ நான் ஒருத்திதான். எனக்கு அறுபத்தெட்டு."

அவர் டப்பாவின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒரு வருஷமா நீங்க பாக்காம அனுப்பினவங்க எல்லாரும் ரோட்டுலதானே இருக்காங்க?"

அதற்குத் 'தெரியும்' என்றுகூட அவர் சொல்லவில்லை. "நீ திரும்பிப் பாத்தே" என்றார்.

"பாத்தது தப்பா?"

"தப்பில்ல. அவன் பாக்கல." மூடியிலிருந்து கையை எடுத்தார். "அவன் பாக்கவே இல்ல, சூரோங். ஏன்னா..."

வெளியே அடுத்த வண்டி ஹாரன் அடித்தது. அவர் மைக்கைக் கையில் எடுத்தார். அடுத்த எண்ணைக் கூப்பிட வாயைத் திறந்தார், கூப்பிடவில்லை.

*

தோற்றவர்கள் மறுபடி வர ஒரு வாரம் ஆகவேண்டும். ஒரு வாரத்தில் திங்கட்கிழமை போய்விடும். சூரோங் பராமரிப்பு நிலையத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்தாள்.

பீயுன் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அருகே வந்த மருமகளின் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"கையில சிப்பி வாடையே இல்லையே."

சூரோங்கின் தாடைக்குக் கீழே ஹெல்மெட் வார் பதிந்த தடத்தைப் பீயுன் பார்த்தாள்.

"தேறிட்டியா?"

"இல்ல அத்தை. மாமாதான் பாஸ் போடல."

பீயுன் கையை விட்டாள். திட்டுவாள் என்று சூரோங் காத்திருந்தாள். "அப்போ தைச்சுங் போயிடுவே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீரையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். நல்ல இலையையும் பழுத்த இலையையும் ஒரே தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

வெயில் இறங்கும் நேரத்தில் வூவிடமிருந்து போன் வந்தது.

"லாய் சார் வீட்டுக்கு வந்துட்டாரா?"

"இல்லையே, ஏன்?"

"மத்தியானம் பாதித் தேர்வுல எழுந்து போயிட்டாராம். மைதானத்து ஸ்கூட்டர எடுத்துக்கிட்டு. சாப்பாட்டு டப்பா அங்கேயே இருக்காம். தொறக்கவே இல்லையாம்."

சூரோங் போனை வைத்தாள். அவர் எங்கே போயிருப்பார் என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பீயுனின் முகத்தைப் பார்த்தால் அவளுக்கும் தெரிந்திருந்தது.

பீயுன் எழுந்து சாமி மேடைக்குப் போனாள். இழுப்பறையைத் திறந்தாள். பிறைக் கட்டைகள் மேலே இருந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து சாவியை எடுத்தாள்.

"அத்தை, எனக்கு லைசென்ஸ் இல்ல."

"ஓட்டத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். ஆனா உங்க பையன் வேண்டாம்னு..."

பீயுன் மகனின் படத்தை ஒருமுறை பார்த்தாள்.

"அவனக் கேட்டுக்கிட்டு நிக்க இப்ப நேரமில்ல. போடீ!"

*

ஜியேவென் செத்த கடற்கரைச் சாலை நாற்சந்தியில் பெட்ரோல் பங்க் ஊழியர் ஒருவர் சாலையோரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"யோவ் பெரியவரே! ஓரமா வாய்யா! பைத்தியமா உனக்கு?" சூரோங் வேகம் குறைத்ததும் அவளிடம் சொன்னார்: "மத்தியானத்துலேர்ந்து இதே கூத்துதான்மா. பெட்டியில நிக்கிறாரு, பச்சை விழறதுக்குள்ள ஓரமா போறாரு, திரும்ப வந்து நிக்கிறாரு. ஒவ்வொரு தடவையும் லேட்டா நகர்றாரு. போலீசுக்குச் சொல்லிட்டேன்."

சந்திக்கு எதிர் மூலையில் வெள்ளைப் பெட்டி. அதற்குள் லாய் கூன்ஷான் வண்டியோடு இருந்தார். ஆனால் வண்டி பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. காலமெல்லாம் விளக்கை மட்டும் பார்க்கச் சொன்ன மனிதர், விளக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவர் முகத்துக்கு நேரே, கைநீட்டினால் தொடும் தூரத்தில், ஒரு ஜல்லி லாரி உறுமிக்கொண்டிருந்தது.

சூரோங்கின் பக்கம் பச்சை எரிந்தது. அவள் நேரே கடந்தாள். வெள்ளைக் கோட்டைத் தாண்டி முன்சக்கரம் பெட்டிக்குள் இறங்கியது. அவருக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அவள் விளக்கைப் பார்த்து. அவர் லாரியைப் பார்த்து.

"மாமா."

"மேலே இருக்கறவனுக்கு நான் தெரியல" என்றார் அவர், திரும்பாமல். "கைய ஆட்டிப் பாத்தேன். எந்த வண்டிக்காரனுக்கும் தெரியல. ஆனா இங்கேர்ந்து பாத்தா எல்லாம் தெரியுது. சக்கரம் அசையறது தெரியுது. ஒரே ஒரு தடவ அவன் திரும்பிப் பாத்திருந்தா..."

"மாமா, வண்டியத் திருப்புங்க. பச்சை விழப்போகுது."

"நான்தான் அவனப் பாக்க விடல."

அவள் அவர் கையைப் பிடித்தாள். சிப்பி ஓடு கிழித்த விரல்களால் இறுகப் பிடித்தாள்.

"சரி. நீங்க பின்னாடியே பாருங்க. விளக்க நான் பாத்துக்கறேன். நான் சொல்லும்போது நகருங்க. போதுமா?"

அவர் முதல்முறையாக அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் வந்த சாலையின் விளக்கு மஞ்சளானது. அவள் ஹாரனை அழுத்தி, விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தாள். "இப்ப!" இரண்டு வண்டியும் நடைபாதையை நோக்கித் தடுமாறி நகர்ந்தன. லாரி அவர்களுடைய முழங்காலில் காற்றடிக்கக் கடந்து போனது. ஓட்டுநர் பாக்கை மென்றுகொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிவரை அவனுக்கு எதுவும் தெரியவில்லை.

பங்க் பக்கமிருந்து ஓர் இளம் போலீஸ்காரர் ஓடிவந்தார்.

"ரெண்டு பேரும் லைசென்ஸ் எடுங்க." அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார். "அட, லாய் சார்! நீங்களா? என் தம்பிக்கு நீங்கதானே சார் பாஸ் போட்டீங்க!" சூரோங் பக்கம் திரும்பினார். "இவங்க?"

"என் மருமக. அறுபத்தெட்டு" என்றார் லாய். "தப்பு அவளோடது இல்ல. என் பேர எழுதிக்கோ. தேர்வுல பெட்டிகிட்ட போறவங்கள ஒரு வருஷமா நான் பாக்கல. பாக்காமலே பாஸ் போட்டேன். அதையும் எழுதிக்கோ."

போலீஸ்காரரின் பேனா நின்றது.

"ஒரு வருஷமாவா?"

"ஒரு வருஷமா."

"என் தம்பி புத்தாண்டு கழிஞ்சுதான் சார் எடுத்தான்." அவர் குரலில் இருந்த அதிகாரம் போய்விட்டது. "வேலை விட்டு இந்நேரம் வருவான். இந்த ரோட்டுலதான் வருவான்."

லாய் கூன்ஷான் தலையைத் திருப்பிச் சாலையைப் பார்த்தார். போலீஸ்காரரும் பார்த்தார். சூரோங்கும் பார்த்தாள். தூரத்தில் முகப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. எது லாரி, எது ஸ்கூட்டர் என்று இங்கிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவர்கள் தலைக்கு மேலே விளக்கு நிறம் மாறியது. மூவரில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.